எட்டு நொடிப் பொய்

"இப்பல்லாம் யாருக்கு சார் பொறுமை இருக்கு? மனுஷனோட அட்டென்ஷன் ஸ்பானே எட்டு செகண்டுதான். தங்கமீனுக்குக்கூட ஒன்பது செகண்ட்!"

இதைக் கேட்காத தமிழ் வாசகர் இன்று அநேகமாக இருக்க மாட்டார். ஆசிரியர் பயிற்சிக் கூட்டங்களில் சொல்கிறார்கள். விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள். ஒரு காட்சிகூட நின்று நிதானிக்காமல் ஓடுகிறதே என்று கேட்டால் சினிமாக்காரர்கள் சொல்கிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் மேடையில் சொன்னதும் அரங்கத்தில் கைதட்டல் எழுகிறது. பெற்றோர் தம் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது பெருமூச்சோடு சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது இந்த எண் என்று சொல்பவரும் யோசிப்பதில்லை, கேட்பவரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். கேட்டுத் தேடிப் பார்த்ததில் கிடைத்த முடிவு இது: இந்த எண் பொய். எண்ணுக்குப் பின்னால் உள்ள நம்பிக்கையும் தவறு. கவனிக்கும் ஆற்றல் நம் மூளையில் வற்றிவிட்டது என்பதற்குச் சான்று கிடையாது. அந்த ஆற்றலை இடைமறித்துத் துண்டுபோட்டு விற்கும் தொழில் பெருகியிருக்கிறது என்பதற்கு ஏராளமான சான்று இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் யார்மீது பழி விழ வேண்டுமோ அவர் தப்பித்துக்கொள்வார். பழி நம் பிள்ளைகள்மீது விழும். அதனால்தான் இதைச் சாதாரணப் பேச்சென்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எண்ணின் பூர்விகத்தைப் பார்ப்போம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கனடா கிளை 2015ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. விளம்பரம் தருவோர் வாடிக்கையாளரை எப்படி ஈர்ப்பது என்று ஆலோசனை சொல்வதற்காகத் தயாரான அறிக்கை அது. அதற்காக அவர்கள் 2,000 கனடியர்களிடம் கேள்விகள் கேட்டார்கள். 112 பேரின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். ஆனால் உலகமெல்லாம் பரவியது இந்த ஆய்வில் கண்டறிந்த எதுவும் இல்லை. அறிக்கையின் ஒரு பக்கத்தில் அச்சான மூன்று எண்கள்தான் பரவின: மனிதரின் சராசரி கவன நேரம் 2000இல் 12 நொடி, 2013இல் 8 நொடி, தங்கமீனுக்கு 9 நொடி. இவற்றை மைக்ரோசாஃப்ட் அளக்கவே இல்லை. ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன் என்ற பெயரில் புள்ளிவிவரங்களைத் தொகுத்துப் போடும் ஓர் இணையதளத்திலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் டைம் இதழ் இதைத் தலைப்புச் செய்தியாக்கியது. பெரிய நாளிதழ்களின் பத்திகளில் ஏறியது. பிறகு எங்கும் ஏறியது.

2017இல் பிபிசி வானொலியின் 'மோர் ஆர் லெஸ்' நிகழ்ச்சிக்காகச் செய்தியாளர் சைமன் மேபின் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போனார். ஸ்டாட்டிஸ்டிக் பிரெய்ன் தளம் தன் ஆதாரங்களில் அமெரிக்காவின் தேசிய உயிரித் தொழில்நுட்பத் தகவல் மையத்தையும் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தையும் குறிப்பிட்டிருந்தது. இரண்டு இடங்களிலும் அப்படி ஓர் ஆய்வின் சுவடே கிடைக்கவில்லை. கவனத்தைப் பற்றியே ஆராயும் உளவியலாளர்களுக்கும் அது தெரியவில்லை. பிரிட்டனின் ஓபன் யுனிவர்சிட்டியைச் சேர்ந்த ஜெம்மா பிரிக்ஸ் வாகன ஓட்டிகளின் கவனத்தை ஆராய்பவர். எல்லாச் செயலுக்கும் பொதுவாக மனிதருக்கு ஒரே கவன நேரம் என்று சொல்வதில் பொருளே இல்லை, செய்யும் வேலையைப் பொறுத்து அது மாறும் என்பதே அவர் தந்த விளக்கம். ஆக, மைக்ரோசாஃப்டின் முத்திரை மேலே. உள்ளே பெட்டி காலி.

தங்கமீனையும் விட்டுவைக்கக் கூடாது. அதன் நினைவு சில நொடிகளே என்பதும் ஆதாரமில்லாத கதைதான். பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழகத்தில் தங்கமீன்களுக்கு ஒரு நெம்புகோலைத் தள்ளினால் இரை கிடைக்கும் என்று பழக்கினார்கள். பிறகு நாளில் ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் மட்டும் இரை கிடைக்கும்படி அமைத்தார்கள். மீன்கள் அந்த நேரத்தைக் கற்றுக்கொண்டு அப்போது வந்து தள்ளின. மீன்களின் நினைவாற்றலை ஆராய்வோர் தங்கமீனைத் தேர்ந்தெடுக்கக் காரணமே அது நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதுதான். மனிதரைப் பற்றியும் பொய், மீனைப் பற்றியும் பொய். இந்த இரண்டையும் ஒப்பிட்டு மூன்றாவதாக ஓர் உண்மை பிறந்துவிடுமா?

"எண் தப்பாக இருக்கலாம், ஆனால் விஷயம் சரிதானே?" என்று சிலர் கேட்பார்கள். விஷயத்துக்கே வருவோம்.

கவனத்தைப் பானையில் இருக்கும் தண்ணீரை அளப்பதுபோல அளந்துவிட முடியாது. பல குரல்களுக்கு நடுவே ஒரு குரலைப் பிடித்துக்கொள்வது ஒரு திறன். சலிப்பூட்டும் வேலையில் தூங்கிவிடாமல் விழிப்போடு இருப்பது இன்னொரு திறன். இரண்டு வேலைகளுக்கிடையே மனத்தை மாற்றி மாற்றி வைப்பது வேறொன்று. ஒரே ஆள் ஒன்றில் வல்லவராகவும் மற்றொன்றில் மந்தமாகவும் இருப்பார். கணக்குப் பாடத்தில் கொட்டாவி விடும் பையன் சதுரங்கப் பலகையின் முன் மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருப்பான். அவனுடைய அட்டென்ஷன் ஸ்பான் எவ்வளவு என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

சலிப்பான வேலையில் கவனம் தளர்வது நேற்று வந்த நோயும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையின் ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரமாக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். அதன் முள் ஒவ்வொரு நொடியும் ஒரு தாவல் தாவும். அபூர்வமாக இரட்டைத் தாவல் தாவும். அந்த இரட்டைத் தாவலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரச் சோதனையில் முதல் அரை மணிக்குள்ளேயே பலரும் தவறவிடத் தொடங்கினார்கள். முடிவுகள் 1948இல் வெளியாயின. பயிற்சி பெற்ற படைவீரர்கள், உயிர் போகிற வேலை, ஸ்மார்ட்ஃபோன் என்ற பேச்சே இல்லாத காலம். அப்போதும் மனித மனம் இப்படித்தான் இருந்தது.

அப்படியானால் தலைமுறைக்குத் தலைமுறை ஒப்பிட்ட ஆய்வு ஏதும் உண்டா? உண்டு. 1962இல் ஜெர்மானிய உளவியலாளர் ரோல்ஃப் பிரிக்கன்காம்ப் உருவாக்கிய டி2 என்ற சோதனை இன்றும் பல நாடுகளில் பயன்படுகிறது. ஆங்கில எழுத்துகளான டி, பி இரண்டும் வரிவரியாகக் கலந்து அச்சிடப்பட்டிருக்கும். எழுத்துகளின் மேலும் கீழும் சிறு கோடுகள் இருக்கும். இரண்டு கோடு உள்ள டி-யை மட்டும் தேடி அடிக்க வேண்டும். வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் 2021 வரை 32 நாடுகளில் இந்தச் சோதனையை எழுதிய 21,000க்கும் மேற்பட்டவர்களின் முடிவுகளைத் திரட்டி 2024இல் வெளியிட்டார்கள். பெரியவர்களின் கவனத் திறன் இந்த முப்பது ஆண்டுகளில் குறையவில்லை, ஓரளவு உயர்ந்திருந்தது. குழந்தைகள் முன்பைவிட வேகமாகச் செய்தார்கள், கூடவே பிழைகளும் அதிகம் செய்தார்கள். அவசரம் கூடியிருக்கிறது என்று அதைக் கொள்ளலாம். ஆற்றல் போய்விட்டது என்று கொள்ள முடியாது. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் 4 நிமிடம் 40 நொடிதான். மணிக்கணக்கில் கவனிக்கும் திறனை அது அளக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எட்டு நொடிதான் மனிதக் கவனம் என்றால் இந்தச் சோதனையின் முதல் வரியைக்கூட யாரும் முடித்திருக்க முடியாதே?

ஆய்வுக்கூடத்தை விட்டுச் சந்தைக்கு வருவோம். மக்கள் நீளமானதைத் தாங்க மாட்டார்கள் என்று சந்தை தெரிந்துவைத்திருக்கிறது என்கிறார்கள். சந்தை சொல்வது வேறு. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 181 நிமிடம். 2019இல் வந்து 270 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 'அவதார்: தி வே ஆஃப் வாட்டர்' 192 நிமிடம். 2022இல் வந்து 230 கோடி டாலரைத் தாண்டியது. 'ஓப்பன்ஹைமர்' மூன்று மணி நேரம். பாதிக்கு மேல் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற படம். 2023இல் 95 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஏறத்தாழ 200 நிமிடம் ஓடும் 'புஷ்பா 2' படத்துக்கு 2024இல் நம் ஊர்த் திரையரங்குகளில் கூட்டம் எப்படி இருந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 2023ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டாக கேம் அவார்ட்ஸ் விழாவில் பரிசு பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' என்ற வீடியோ கேமை ஆடி முடிக்கவே அறுபது மணி நேரத்துக்கு மேலாகும். அதில் பெரும்பகுதி உரையாடலைப் படித்தும் கேட்டும் முடிவெடுப்பது. ஆடுபவர்களில் பலர் யார்? கவனமே இல்லாதவர்கள் என்று நாம் சொல்லும் அதே இளைஞர்கள்.

மறுபக்கம், குறுகிய கவனத்தை நம்பிப் பணம் போட்டவர்களின் கதை. ஹாலிவுட்டின் பெரிய கைகளில் ஒருவரான ஜெஃப்ரி காட்சன்பெர்க் 'குவிபி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்க மாட்டார்கள், அதுவும் ஃபோனில்தான் பார்ப்பார்கள் என்பதே அதன் அடிப்படை. 175 கோடி டாலர் திரட்டி, 2020 ஏப்ரலில் தொடங்கிய சேவையை அதே ஆண்டு அக்டோபரில் மூடுவதாக அறிவித்தார்கள். கொரோனா கெடுத்துவிட்டது என்று காரணம் சொன்னார் அவர். அதே கொரோனாவின் முதல் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸுக்கு ஒன்றரைக் கோடிக்கு மேல் புதிய சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் சேர்ந்தது மணிக்கணக்கில் தொடர்கள் பார்க்க. அதற்கும் முன் 'வைன்' இருந்தது. 2013இல் வந்தது, ஆறு நொடி வீடியோ மட்டும். ஏறக்குறைய எட்டு நொடிக் கோட்பாட்டுக்காகவே அளவெடுத்துத் தைத்தது போன்ற சேவை. 2017 ஜனவரியில் மூடப்பட்டது.

பிழைத்திருக்கும் குறுவீடியோத் தளங்கள் செய்தது என்ன? டிக்டாக் பதினைந்து நொடியில் ஆரம்பித்தது, ஒரு நிமிடமாக்கியது, 2021இல் மூன்று நிமிடம், 2022இல் பத்து நிமிடம் என்று நீட்டிக்கொண்டே போனது. யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபரில் ஒரு நிமிடத்திலிருந்து மூன்று நிமிடத்துக்கு வந்தது. நம் கவனம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது என்றால், நம்மை நொடிநொடியாக அளந்துகொண்டிருக்கும் இந்த நிறுவனங்கள் ஏன் வீடியோவை நீட்டுகின்றன? இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். "அப்புறம் ஏன் எல்லாரும் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள்? ஒரு பக்கத்தில் ஐந்து நொடிகூட நிற்பதில்லையே?" காய்கறிச் சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துவிட்டு, முற்றல் என்றால் கூடையில் போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குக் கவனம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டோம். காயைத் தெரிந்தவர் என்போம். இணையத்தில் வந்து விழுவதில் பெரும்பகுதி குப்பை. தலைப்பு ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் உள்ள செய்தி, விளம்பரத்தை மறைத்துவைத்த காணொளி, பத்து முறை சுட்டுப் பரிமாறிய நகைச்சுவை. இவற்றைச் சில நொடியில் தள்ளிவிடுவது தேர்ந்தெடுக்கும் அறிவு. அந்த நொடிகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, இதுதான் உன் மூளையின் அளவு என்று சொல்வது அநியாயம்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் பார்த்துவிடுவோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், கணினியில் வேலை செய்வோர் ஒரு திரையிலிருந்து மறு திரைக்கு எவ்வளவு நேரத்தில் மாறுகிறார்கள் என்று சுமார் இருபது ஆண்டுகள் கணக்கெடுத்தவர். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். 2012இல் 75 நொடி. அண்மை ஆண்டுகளில் 47 நொடி. இது உண்மையான ஆய்வு, உண்மையான கவலை. அடிக்கடி மாறும்போது மன அழுத்தம் ஏறுகிறது என்றும் அவர் காட்டியிருக்கிறார். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் இந்த எண் எதை அளக்கிறது என்பதைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒருவர் எக்செல் பார்க்கிறார். மேலாளரின் மின்னஞ்சல் வருகிறது. அதற்குப் பதில் எழுத இன்னொரு கோப்பைத் திறக்கிறார். அதற்குள் குழு அரட்டையில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உடனே பதில் சொல்லாவிட்டால் "பார்த்துட்டுப் பேசாம இருக்கீங்களே" என்று கேட்பார்கள். இவர் 47 நொடிக்கு ஒருமுறை திரை மாறினால் அது அவர் செய்யும் வேலையின் அமைப்பு. யாரும் குறுக்கிடாதபோது தாமாகவே தம் வேலையைக் குறுக்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதும் மார்க்கின் ஆய்வில் உண்டு. நாள் முழுதும் குறுக்கிடப்பட்ட மனம் அதற்குப் பழகிப்போகிறது. பழக்கம் வேறு, ஊனம் வேறு. பழக்கத்தை மாற்றலாம்; மாற்ற வேண்டிய இடம் எது என்றும் காட்டலாம். ஊனம் என்று முத்திரை குத்திவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

"அந்தக் காலத்தில் விடிய விடியக் கூத்து பார்த்தார்களே?" என்பார்கள். பார்த்தார்கள். எப்படிப் பார்த்தார்கள் என்றும் நினைத்துப் பார்க்க வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து நடக்கும்போது பாயை விரித்துப் படுத்தார்கள். பிள்ளைகள் தூங்கின. நடுவே எழுந்து டீ குடித்தார்கள், ஊர்க்கதை பேசினார்கள். கர்ணன் களத்துக்கு வரும்போது பக்கத்தில் இருப்பவர் தட்டி எழுப்பினார். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபா கேன்டீனுக்கு எழுந்து போவது மார்கழிக்கு மார்கழி நடக்கிறது. சினிமாவில் பாட்டு வந்ததும் வெளியே போய் வந்தவர்கள் நம் அப்பாக்கள்தாம். மனிதக் கவனம் எந்தக் காலத்திலும் போய்ப் போய்த்தான் வந்திருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண் அயர்கிறார் என்பதற்காகக் கூத்து வாத்தியார் கர்ணனின் சாவை ஐந்து நிமிடமாகச் சுருக்கவில்லை. கூத்து தன் நீளத்தில் நின்றது. அந்த நீளத்துக்காகவே ஊர் அங்கே வந்தது.

"நீண்ட புத்தகம் படிக்கும் வழக்கம் குறைந்துவிட்டதே?" இதைத்தான் நான் கனமான வாதமாக எடுத்துக்கொள்கிறேன். பல நாடுகளில் கல்லூரி ஆசிரியர்கள் இதைச் சொல்கிறார்கள், அவர்களை நம்புகிறேன். ஆனால் நீண்ட வாசிப்பு பிறவிக் குணம் கிடையாது. பழகிப் பெறும் திறன். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண் கேள்விகளை மனப்பாடம் செய்யவே பன்னிரண்டு ஆண்டுகள் பழக்கிவிட்டு, நூலக வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்த்துவிட்டு, பிள்ளை நானூறு பக்க நாவலைப் படிக்கவில்லை என்று ரீல்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை. பழகியவர்கள் படிக்கிறார்கள். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம். இன்றும் புத்தகக் கண்காட்சியில் இளைஞர்கள் அதை வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை 'வெண்முரசு' நாவல் வரிசையை நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்திலேயே வெளியிட்டார். மொத்தம் 26 நாவல்கள். அதை வாசித்தவர்களில் பலர் எதில் வாசித்தார்கள்? ஃபோனில். கவனத்தைக் கொன்றதாக நாம் குற்றம் சாட்டும் அதே கருவியில்.

பொய்யான எண்ணாக இருந்தால் என்ன, கேட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று விட முடியாத காரணம் ஒன்று உண்டு. நம்பினால் அதன்படி நடக்கத் தொடங்கிவிடுகிறோம்.

வகுப்பறையில் நடக்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் மாணவர் கவனிக்க மாட்டார் என்பது ஆசிரியர் பயிற்சிகளில் விதிபோலச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் மருத்துவ மாணவருக்கு உடலியங்கியல் கற்பிக்கும் நீல் பிராட்பரி 2016இல் அந்த விதியின் ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். உறுதியான சான்று அதற்கு இல்லை. கவனத்தை அதிகம் மாற்றுவது பாடம் நடத்துபவரின் திறமை என்பதே அவர் கண்டது. நல்ல ஆசிரியரிடம் படித்த ஒவ்வொருவருக்கும் இது தெரிந்த உண்மைதான். ஆனால் கற்பித்தலைச் செம்மையாக்குவதைவிடப் பாடத்தை நறுக்குவது எளிது, செலவும் குறைவு. ஆகவே நறுக்குகிறார்கள்.

திரையில் நடக்கிறது. 2024 இறுதியில் 'என் பிளஸ் ஒன்' என்ற அமெரிக்க இதழில் வில் டாவ்லின் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. நெட்ஃபிளிக்ஸுக்கு எழுதிய திரைக்கதையாளர்கள் பலரிடமும் நிர்வாகிகள் கேட்டுக்கொண்ட ஒன்றை அதில் பதிவு செய்திருந்தார்: வேறு வேலை பார்த்துக்கொண்டே படத்தை ஓட விட்டிருப்பவருக்கும் புரியும்படி, பாத்திரம் தான் செய்வதை வாயால் சொல்லிவிட வேண்டும். கதவைத் திறப்பவர் கதவைத் திறக்கிறேன் என்று சொல்கிற கலை இப்படித்தான் பிறக்கிறது. பார்ப்பவர் கவனிக்க மாட்டார் என்று முன்கூட்டியே முடிவு செய்து, கவனிக்கத் தகாத ஒன்றை ஆக்கி, அவர் ஃபோனை எடுத்ததும் "பார்த்தீர்களா, கவனமே இல்லை" என்று சொல்வது எந்த ஊர் நீதி?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேடு பழி இடம் மாறுவது. 2006இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கத்தை உருவாக்கினார். பக்கம் முடிந்தால் மனிதர் ஒரு கணம் நின்று, போதுமா என்று யோசிப்பார். அந்த ஒரு கணத்தையும் அது எடுத்துவிட்டது. பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். அடுத்த வீடியோ தானாக ஓடுவது, சிவப்புப் புள்ளியோடு அறிவிப்பு வருவது, இழுத்துவிட்டால் புதிதாக ஏதோ வருவது என ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கி, சோதித்து, எது நம்மை அதிக நேரம் நிறுத்துகிறது என்று பார்த்து வைத்தது. இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது. செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் முதல் சோதனையை இங்கேதான் தொடங்கியது. அந்த மூன்று மாதத்தில் இந்தியர்களின் மூளை மாறிவிடவில்லை. காலியான சந்தைக்குள் கடைகள் ஓடிவந்தன.

இவற்றை மாற்றவே முடியாதா? முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பார்வையாளர் பலரும் எரிச்சலோடு புகார் செய்த பிறகு, தானாக ஓடும் முன்னோட்டங்களை அணைக்கும் வசதியை நெட்ஃபிளிக்ஸ் 2020 பிப்ரவரியில் தந்தது. இளம் பயனர்களுக்குத் தீங்கு செய்யும்படி தளங்களை வடிவமைத்ததாக 2023 அக்டோபரில் அமெரிக்காவின் 33 மாநிலங்கள் சேர்ந்து இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாமீது வழக்குத் தொடர்ந்தன. பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா 2024இல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்தச் சட்டங்கள் சரியா, போதுமா என்று தாராளமாக விவாதிப்போம். ஆனால் அந்த விவாதம் நடக்க வேண்டுமென்றால் குற்றம் பொருளின் அமைப்பில் இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உன் மூளையே எட்டு நொடிதான் என்று நம்பிவிட்டவன் யாரிடம் போய் எதைக் கேட்பான்? விளம்பரதாரருக்காக எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து இந்த எண் நம் வீட்டுக்குள் வந்தது என்பதை மறக்க வேண்டாம். நம்மை விற்பவர்களின் கணக்கு அது. அதை நாமே நம் பிள்ளைகளைப் பற்றி ஒப்பிக்கிறோம்.

ஆசிரியர்களே, அடுத்த பயிற்சிக் கூட்டத்தில் இந்த எண் திரையில் வந்தால் எழுந்து ஆதாரம் கேளுங்கள். பத்திரிகை ஆசிரியர்களே, கட்டுரையின் நீளத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். படித்துப் பார்த்து, இழுவையாக இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சினிமா எடுப்பவர்களே, உங்கள் பார்வையாளர் மூன்று மணி நேரம் உட்காரத் தயாராக இருக்கிறார், உட்காரும்படி எடுங்கள். பெற்றோரே, பிள்ளையின் ஃபோனில் அறிவிப்புகளை அணையுங்கள், ஆட்டோபிளேயை நிறுத்துங்கள். ஆனால் அவன் காதுபட "இவனுக்கு எதிலும் கவனமே கிடையாது" என்று சொல்லாதீர்கள். அது உண்மையில்லை. இந்தக் கட்டுரையை இந்த வரி வரைக்கும் படித்திருக்கும் நீங்களே அதற்குச் சாட்சி.